நீ சொன்ன விலாசம் என்னுடையது

அன்புள்ள மார்சிக்கு,

போன செவ்வாய்க்கிழமை டவுன் ஹாலில் என் விலாசத்தைச் சொல்லி, நான் குடிபோக நினைத்திருக்கும் கட்டடத்தை வரவிடக் கூடாது என்று பேசியவள் நீ. இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை எழுதக் கை வரும். இனி வழக்கம்போல். நான் சௌக்கியம், படி ஏறும்போது இடது முழங்கால் மட்டும் தன் அபிப்பிராயத்தைச் சொல்கிறது. அங்கே டென்வரில் நீயும் கிரெக்கும் குட்டி ஹேசலும் சுகமாக இருக்க வேண்டும். உன் சுகத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை, டவுன் ஹால் சுவரில் உன் முகத்தைக் கதவளவு பெரிதாகப் பார்த்தேன், கன்னம் நன்றாகப் பூசினாற்போல் இருந்தது, உன் பின்னால் நின்ற செடிக்குத்தான் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை போலிருக்கிறது. போனில் பேசலாம் என்றால் அன்றிலிருந்து நீ எடுப்பதில்லை, எடுத்தாலும் நடுவில் குறுக்கிடுவாய், கடிதத்தில் அது முடியாது.

நீங்கள் மூன்று பேரும் இங்கே குடிவருவதற்காக நீ கேட்டுக்கொண்டபடி ஞாயிற்றுக்கிழமைதோறும் விற்பனைக்குத் திறந்துவைக்கிற வீடுகளைப் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நீ ஆசைப்பட்ட ஆர்ச்சர்ட் ஹில் வீட்டுக்கும் போனேன், திருமதி ஹாலோவெல் வீடு. வாசலிலேயே காலுக்கு நீலக் காகிதப் பை மாட்டிவிட்டார்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவள் மாதிரி வழுக்கி வழுக்கி நடந்தேன். வீடு முழுக்க பிஸ்கட் வேகிற மணம், ஆனால் அடுப்பைத் திறந்து பார்த்தால் ஒரே ஒரு தட்டு, அதுவும் மணத்துக்காக வைத்தது, தின்பதற்கு இல்லை. நான் தின்றேன். சமையலறை மேடையில் ஒரு கிண்ணம் நிறைய எலுமிச்சை, அவ்வளவு எலுமிச்சையை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்யும் என்று நிலத்தரகுப் பெண் ஷெல்பியிடம் கேட்டேன், அவள் சிரித்து மழுப்பினாள். மூன்று கழிப்பறை, மூன்றிலும் தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டேன், குறையில்லை. பனிக்காலத்தில் ஈரச் செருப்பைக் கழற்றிப் போட ஒரு மூலை கிடையாது. தரைக்குக் கீழே இருக்கும் அறையில் ஒரு சுவரில் மட்டும் முழங்கால் உயரத்துக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கிறது, மற்றச் சுவர்களெல்லாம் பழசு, ஏன் என்று வாங்குவதற்கு முன்னால் கேள். திருமதி ஹாலோவெல்லே வந்து கையைக் குலுக்கினார். அவருடைய இரண்டு பையன்களுக்கும் பள்ளிக்கூடத்தில் மக்ரோனி அள்ளிப் போடுகிறவள் நான், சின்னவன் பட்டாணியைப் பால் டப்பாவுக்குள் ஒளித்துவைப்பான், அதுவரை எனக்குத் தெரியும். அவருக்கு என்னைத் தெரியவில்லை. "இந்த ஊருக்குப் புதுசா நீங்க?" என்றார். இல்லை, ரொம்ப நாளாக இங்கேதான் என்றேன். "அப்படியா, எந்தப் பக்கம்?" என்றார். இந்த ஆஷ்காட்டில் யாரும் யாரையும் கேட்பது அது ஒன்றைத்தான். வாட்டர் தெரு என்றதும் "ஓ, ரயிலுக்குப் பக்கம், ரொம்ப வசதி" என்று சொல்லிக்கொண்டே என் கையை விட்டுவிட்டார். அந்த வீட்டின் முன்னால் புல்லில் இரண்டு பலகை நட்டிருக்கிறது. ஒன்றில் எல்லோருக்கும் இங்கே நல்வரவு என்று எழுதியிருக்கிறது. அடுத்ததில் ஸ்டேஷன் குடியிருப்பு வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. ஒரே ஆணிப்பெட்டியிலிருந்து எடுத்து அடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது உனக்குத் தெரியாத விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வீட்டை வாடகைக்கு விட்ட கிழவர் ஃபுஸ்கோ போன வருஷம் போய்ச் சேர்ந்தார் இல்லையா, அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் வாட்டர் தெரு வீட்டை விற்கிறார்கள். கோடை முடிவதற்குள் நான் காலி செய்ய வேண்டும். சீக்கிரம் விற்க வேண்டும் என்று சூசையப்பர் சிலையை வழக்கப்படி தோட்டத்தில் தலைகீழாகப் புதைத்துவிட்டுப் போனார்கள், மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கார் திரும்பியதும் இறங்கிப் போய் அவரைத் தோண்டி எடுத்து, கழுவி, என் சமையலறை ஜன்னலில் நேராக நிறுத்தியிருக்கிறேன். அதற்குப் பிறகு வீடு பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் போகிறார்கள், அதற்கு நான் அன்றைக்கெல்லாம் முட்டைக்கோஸ் வேகவைப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். எத்தனை நாள் இப்படி ஓட்ட முடியும். இந்த ஊரில் என் சம்பளத்துக்கு வேறு வாடகை வீடு ஒன்றுகூட இல்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் பழைய மரக்கடை இருந்த இடத்தில் வரப்போகும் கட்டடத்தில் கொஞ்சம் வீடுகளை ஊரில் வேலை பார்க்கிறவர்களுக்குக் குறைந்த வாடகைக்கு ஒதுக்கியிருக்கிறார்கள், நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். கட்டி முடிக்கும்வரை டாட் வீட்டு சோபாவில் படுத்துக்கொள்வதாகப் பேச்சு, அவளும் என்னோடு பள்ளி உணவுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள்தானே, என் குறட்டை அவளுக்குப் புதிதில்லை. உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் "நீ எங்ககூடவே வந்து இருந்துடும்மா" என்பாய், பிறகு ஹாலோவெல் வீட்டு கராஜுக்கு மேலே இருக்கிற அறையைக் காட்டுவாய். காருக்கு மேலே குடியிருக்க நான் அதன் கூரையில் கட்டுகிற சாமான் பெட்டி இல்லை.

ஆக அந்தச் செவ்வாய்க்கிழமை, அந்தக் கட்டடத்துக்கு அனுமதி தரலாமா என்று ஊர்க்குழு கூட்டம் போட்டபோது, நானும் டாட்டும் டவுன் ஹாலுக்குப் போய் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தோம். எந்த ஆட்கள் இத்தனை நாளாக அந்த மரக்கடைக் கொட்டகை ஊருக்கே அசிங்கம், இடியுங்கள் என்று கத்திக்கொண்டிருந்தார்களோ அதே ஆட்கள் எழுந்து அது ஊரின் பாரம்பரியம் என்றார்கள். ஒருவர் அந்த இடத்தில் வாழ்கிற ஆமைகளுக்காகக் கண்கலங்கினார், அவர் வண்டியை ஸ்டேஷன் சாலையில் ஓட்டுகிற வேகத்தை அந்த ஆமைகள் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். இன்னொரு அம்மாள் கட்டடத்தின் நிழல் தன் தக்காளிச் செடிமேல் விழும் என்றார். பிறகு வீட்டிலிருந்தே பேசுகிறவர்களைத் திரையில் காட்டினார்கள். ஊர்க்காரர்கள் மட்டும்தான் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம், பெயரும் விலாசமும் சொல்ல வேண்டும், உனக்குத் தெரியாததா. திரையில் நீ வந்தாய். டாட் என் விலாவில் இடித்து, "ஏய் நொரீன், அது உன் பொண்ணுதானே?" என்றாள். நீ சற்றும் தயங்காமல் வாட்டர் தெரு பதினேழு என்றாய். "நான் இந்த ஊர்ல பிறந்து வளர்ந்தவ, இந்த ஊரோட அமைதி எனக்கு முக்கியம், ஸ்டேஷன்கிட்ட அவ்வளவு பெரிய கட்டடம் வந்தா இந்த ஊருக்குப் பழக்கமில்லாதவங்கதான் வந்து சேருவாங்க" என்றாய். எல்லோரும் கைதட்டினார்கள். டாட் தட்டவில்லை. நான் கொஞ்சம் தட்டினேன், நீ பள்ளிக்கூட நாடகத்தில் பேசினபோது தட்டின பழக்கம், கை தானாகப் போய்விட்டது.

அடுத்ததாக நான் எழுந்து போய் மைக் முன்னால் நின்றேன். நொரீன் காஸிடி, வாட்டர் தெரு பதினேழு, மாடி என்றேன். குழுத் தலைவர் பிரெஸ்காட் தன் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேடம், அதே அட்ரஸ்ல இப்பதானே ஒருத்தங்க பேசினாங்க" என்றார். "ஆமா, நானும் கேட்டேன். அங்க ஒரே ஒரு படுக்கையறைதான் இருக்கு. அவ எங்க படுக்கிறான்னு நானும் தேடிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்ததும் மொத்த ஹாலும் சிரித்தது, ஆமைக்காரர்கூடச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் நான் சொன்னது ஒன்றுதான், உங்கள் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போடுகிறவள் ராத்திரி எந்த ஊரில் தூங்கலாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள், போய்விடுகிறேன் என்றேன். அப்புறம் திரையைப் பார்த்து, "மார்சி, நீ எங்கடி குடியிருக்கே?" என்று கேட்டேன். தலைவர் குழுவைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்றார். நான் மறுபடி திரும்பிப் பார்ப்பதற்குள் உன் கட்டம் கறுப்பாகிவிட்டது.

வாசலில் ஷெல்பி ஓடிவந்தாள், பாவம், முகம் வெளுத்திருந்தது. "ஐயையோ, நீங்கதான் மார்சியோட அம்மாவா? நான்தான் அவங்களைப் பேசச் சொன்னேன். ஆர்ச்சர்ட் ஹில் மேட்டுல இருக்கிறவங்க விலைய மட்டும் பாக்கிறதில்ல, வர்றவங்க தங்களைப் போல இருக்காங்களான்னு பாப்பாங்க. திருமதி ஹாலோவெல்தான் இந்த எதிர்ப்புக்கே தலைவி, எதிர்த்துப் பேசினா வீடு உங்க பொண்ணுக்குத்தான்" என்று எல்லாவற்றையும் கொட்டினாள். திருமதி ஹாலோவெல்லும் வந்து இந்தத் தடவை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்களைப் போலவங்களுக்கு நாங்க எதிரியே இல்ல. உங்களுக்குப் பொருத்தமான இடம் ஒண்ணு வேணும், அவ்வளவுதான்" என்றார். டாட் என் காதில், "பொருத்தமான இடம்னா பக்கத்து ஊரு" என்றாள், சத்தமாகவே.

நான் பெயர் கொடுத்திருப்பது தெரியாமல்தான் செய்தாய், அது எனக்குப் புரிகிறது. ஆனால் அங்கே குடிபோகிறவள் நான் என்று தெரிந்திருந்தால் பேசியிருக்க மாட்டாய், தெரியாத ஒருத்தி என்றால் பேசலாம் என்று நினைத்தாய் பார், அதுதான் எனக்கு ஆறவில்லை. பழக்கமில்லாதவர்கள் என்று யாரைச் சொன்னாய். அந்த வீடுகளுக்குப் பெயர் கொடுத்தவர்கள் பட்டியலில் டாட் இருக்கிறாள், நீ காய்ச்சலில் கிடந்தபோது உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடின பஸ் டிரைவர் இருக்கிறார். அந்த வீட்டை வாங்காதே என்று நான் சொல்லவில்லை. ஹேசல் என் கண்ணுக்கு எட்டின தூரத்தில் வளர வேண்டும் என்று உன்னைவிட எனக்குத்தான் ஆசை, என் கஷ்டமே அதுதான். கட்டடம் வரவில்லை என்றால் எனக்கு இந்த ஊரில் இடமில்லை, டாட்டின் சோபாவை எத்தனை வருஷம் அழுத்துவது. நீ ஊருக்கு வருகிற மாதம் நான் ஊரைவிட்டுப் போகிற மாதமாக இருக்கும். நீ பேச்சை மாற்றினால் திருமதி ஹாலோவெல் வேறு ஆளுக்கு வீட்டைக் கொடுத்துவிடுவார், அதையும் ஷெல்பி சொல்லிவிட்டாள். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். உனக்காக நான் முடிவு செய்ய மாட்டேன், உன் வாயைக் கடன் வாங்கி நான் பேசவும் மாட்டேன், என் விலாசத்தை நீ கடன் வாங்கினது போதும்.

கிரெக்குக்கு என் அன்பைச் சொல். ஹேசலுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம், சூசையப்பர் இனிமேல் நேராக நின்றே உங்கள் மூன்று பேரையும் பார்த்துக்கொள்வார். அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்று. உறையின் பின்பக்கம் அனுப்புகிறவர் விலாசம் எழுதவில்லை, உனக்குத்தான் அது மனப்பாடமாயிற்றே.

என்றும் உன் அம்மா,
நொரீன்

பி.கு. அடுத்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை மறுபடி கூடி ஓட்டுப் போடுகிறார்கள். அதற்கு முன்னால் பேசினவர்கள் இன்னொரு தரம் பேசலாம், அதே மூன்று நிமிடம். நான் அதே மூன்றாம் வரிசையில்தான் இருப்பேன். ஹாலில் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை, போனில் கேட்கலாம் என்றால் எடுக்கவில்லை, அதனால் எழுதிக் கேட்கிறேன். தலைவர் உன் பெயரையும் விலாசத்தையும் கேட்கும்போது என்ன சொல்லப் போகிறாய் என்று முதலில் எனக்குச் சொல்.