இன்காரின் கால்கயிறு

ஏப்ரல் 9

பேத்தி இன்காருக்கு ஒன்றரை வயது ஆகப்போகிறது. இன்னும் நடக்கவில்லை. பேச்சில் மட்டும் கெட்டிக்காரி. நாயை அதட்டுகிறாள், ஒட்டகத்தைக் கூப்பிடுகிறாள். பால் வாங்க வந்த பக்கத்து வீட்டு சாய்ரா, "ஆட்டுக்குட்டி பொறந்த அன்னிக்கே நிக்குது, உம் பேத்தி மகாராணி மாதிரி உக்காந்திருக்காளே" என்றாள். "மகாராணிதான். உனக்கென்ன?" என்றேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

ஏப்ரல் 11

கறுப்பும் வெள்ளையுமாகக் கம்பளி சேர்த்துக் கால்கயிறு திரித்தேன். எங்கள் வழக்கப்படி பிள்ளையின் கால் இரண்டையும் அதால் கட்டி, விறுவிறுவென்று நடக்கிறவர் கையால் அறுக்க வேண்டும். அறுக்கிறவர் நடை பிள்ளைக்கு வரும். மருமகள் மர்ஜான் தன் அக்காவைச் சொல்கிறாள். அவளா! கிணற்றுக்குப் போனால் மத்தியானம்தான் திரும்புவாள்.

ஏப்ரல் 14

ஆள் கிடைத்துவிட்டாள். விண்வெளிக்குப் போன பெண் ஒருத்தி சனிக்கிழமை எங்கள் மேய்ச்சல் நிலத்துப் பக்கம் இறங்குகிறாளாம். ஒரே நாளில் பதினாறு தடவை பூமியைச் சுற்றுவாளாம், தொலைக்காட்சியில் சொன்னார்கள். அதைவிட வேகம் யார்?

மகன் செரிக்போல் சிரித்தான். "நம்மள கிட்டயே விடமாட்டாங்கம்மா."

"கேக்கற மாதிரி கேட்டா விடுவாங்க. நீ வண்டிய எடு."

ஏப்ரல் 18

பார்த்தேன்! பெரிய குடை விரிந்து வந்தது. அதன் அடியில் தீய்ந்துபோன கொப்பரை மாதிரி ஒன்று. தரை தொட்டதும் குபீரென்று புழுதி. வண்டியில் துரத்திக்கொண்டு போனோம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் நாடா கட்டித் தடுத்திருந்தார்கள். மர்ஜான் பிள்ளையோடு வண்டியில் இருந்தாள். நான் கயிறும் கத்தரியுமாகப் போய்ப் போலீஸ்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"பாட்டி, மாசக்கணக்கா மிதந்துட்டு வர்றாங்க. அந்தம்மாவாலயே நடக்க முடியாது."

நடக்க முடியாதா?

உண்மைதான். நாலு பேர் அவளை நாற்காலியோடு தூக்கி வந்து வைத்தார்கள். போர்வைக்குக் கீழே கால் இரண்டும் துவண்டு கிடந்தன. பிறந்த குதிரைக்குட்டியாவது உதைக்கும். ஐயோ, யார் பெத்த புள்ளையோ —

நாடாவுக்கு அடியில் நுழைந்து ஓடினேன். அவள் காலுக்கு எதிரே கயிற்றைத் தரையில் போட்டு அறுத்தேன். "நல்லா நட, தாயி." புரிந்ததோ என்னவோ, சிரித்தாள்.

வண்டிக்குத் திரும்பியபோதுதான் உறைத்தது. இன்காரின் கயிறு!

"நம்ம புள்ளைக்குத் திரிச்சத யாருக்கோ அறுத்துட்டீங்களே அத்தை!" வீடு வந்ததும் மர்ஜான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விறுக்கென்று உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 19

மர்ஜானே கம்பளியோடு வந்தாள். ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, நான் திரித்தேன்.

"உன் அக்காவையே கூப்பிடும்மா" என்று இறங்கி வந்தேன்.

"வேணாம். நீங்களே அறுங்க."

"நானா? முட்டி வலிக்காரி!"

"நேத்து அந்தப் போலீஸ்காரர் உங்க பின்னால நாக்குத் தள்ள ஓடிவந்தாரே, பாக்கலையா? உங்க நடை வந்தா போதும் எம் பொண்ணுக்கு."

இன்காரின் காலில் கட்டி அறுத்தேன்.

ஏப்ரல் 20

நடக்கவில்லை. இரண்டு எட்டு வைத்தாள் என்று செரிக்போல் சொல்கிறான். விழுந்ததைத்தான் சொல்கிறான்.

மே 6

அந்தப் பெண் தானே நடந்து போவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நல்ல நடை. முழுதாகப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. உப்புக் கிண்ணம், கத்தரி, என் மூக்குக் கண்ணாடி எல்லாம் மேல்தட்டுக்கு ஏறிவிட்டன. இந்தப் பேனாவைக்கூட மகாராணியை ஆட்டுப்பட்டி வரை துரத்திப் போய்த்தான் பிடுங்கி வந்தேன்.

முட்டி வலிக்கிறது.