பசை தடவாத பொம்மை

புதுச்சேரி, 12 ஜூலை 1957

பிரான்ஸ்ல, துலோன்ல இருக்கிற என் வீட்டுக்காரிக்கு,

நீ கேலி பண்ணுவியே, அந்தப் பொம்மை ரயில் இப்ப சாப்பாட்டு மேசை முழுக்க ஓடுது. ஒத்த ஆளுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய மேசை?

உன் அண்ணனும் அங்க ஒண்ணு கட்டுறார்னு எழுதியிருந்தே. உன்னை அங்க கூப்பிட்டுக்கிட்டவர் மேல கோபம் அப்படியேதான் இருக்கு. ஆனா தண்டவாளம் என்ன பாவம் பண்ணுச்சு? அவர்கிட்ட சொல்லு: கடற்கரை மணலை அப்படியே அடியில கொட்டக் கூடாது. நான் கொட்டினேன், பத்தே நாள்ல தகரமெல்லாம் துரு. மூணு தண்ணியில அலசி, காயவெச்சு, டீ வடிகட்டியில சலிச்சுப் போடணும். மரத்துக்குக் காய்ஞ்ச பீர்க்கங்கூட்டைப் பிச்சுப் பச்சைச் சாயத்துல முக்கினா போதும். மனுஷங்களைக் கடைசியிலதான் வைக்கணும், இல்லேன்னா நம்ம கையே தட்டி விட்டுடும்.

நம்ம ஊர் ஸ்டேஷன் அச்சு அசலா வந்திருக்கு. கொடியோட மாஸ்டர், மூட்டையோட போர்ட்டர், பூக்காரி, எல்லாரையும் ஒட்டிட்டேன்.

பெட்டியோட ஒரு பொம்பளை மட்டும் நிறம் பூசாம நிக்கிறா. நீ கிளம்பின அன்னைக்கு உன் புடவை என்ன நிறம்னு எனக்குத் தெரியாது. நான்தான் ஸ்டேஷனுக்கே வரலையே. வீம்பா வீட்ல உக்காந்து மணல் சலிச்சுக்கிட்டிருந்தேன்.

அவ காலுக்கு இன்னும் பசை தடவலை. தடவிட்டா அப்புறம் திருப்ப முடியாது. முகம் வண்டியைப் பார்த்து இருக்கணுமா, ஸ்டேஷன் வாசலைப் பார்த்து இருக்கணுமா? நிறத்தோட சேர்த்து அதையும் எழுது.

மேசை ஓரத்துல தட்டு வெச்சுச் சாப்பிடுற
உன் வீட்டுக்காரன்