எர்த் லூஸாகவே இல்லை

இன்று காலை உன் மகள் ஸ்டெல்லா விழுப்புரத்திலிருந்து உன் காரை ஓட்டிக்கொண்டு திண்டிவனத்தில் நம் பட்டறைக்கு வந்தாள். ஆயில் மாற்ற வேண்டுமாம். பானெட்டைத் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டவை, மஞ்சளும் பச்சையுமாக ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு போகும் அந்த இரண்டு ஒயர்கள்தான். நாலு விரற்கடைக்கு ஒரு முடிச்சு, வலை நூலில் நீ போட்டது. பொம்மையார்பாளையத்து மாமனார் வீட்டுக்குப் போனால் எல்லாரும் மீன் வாங்கி வருவார்கள், நீ நூல்கண்டு வாங்கி வருவாய். "பிளாஸ்டிக் டேக்லாம் எஞ்சின் சூட்டுல வெடிச்சுப் பூடும்டா. இது கடல்லயே ஊறினது" என்பாய். போட்டு ஆறு வருஷம் ஆகிறது, ஒரு முடிச்சுகூட நெகிழவில்லை. நீ போய் ஒரு வருஷம் ஆகிறது என்பதைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

உங்கள் மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனம் என்று ஒன்று உண்டு. கூண்டுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, செய்ததையெல்லாம் சாமியார் காதில் போட்டுவிட்டு லேசான மனதோடு வீட்டுக்குப் போகலாம். கோலியனூர் அம்மனைக் கும்பிடுகிற எனக்கு அந்த வசதி இல்லை. அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். அந்த ஒயர்களைப் பற்றி உன்னிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அதைத் திருத்த ஐந்து வருஷம் நேரம் இருந்தும் திருத்தவில்லை.

உனக்கு நினைவிருக்கும். பெருமழையில் காருக்குள் தண்ணீர் ஏறி, கம்பெனி போட்ட எஞ்சின் கம்ப்யூட்டர் செத்துப்போனது. அந்த மாடலுக்கு வேறு கிடைக்கவில்லை. சென்னையில் பந்தயக் கார்களுக்கு வேலை செய்யும் ஒருவரிடமிருந்து, எந்த எஞ்சினுக்கும் நாமே பாடம் சொல்லிக்கொடுத்து ஓட்டக்கூடிய ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வந்தாய். டிவி ரிப்பேர்க்காரனாக இருந்து வண்டி எலக்ட்ரீஷியன் ஆன நானும், பிறந்ததிலிருந்தே மெக்கானிக்கான நீயும், யாரோ வெளிநாட்டுக்காரர் இணையத்தில் எழுதி வைத்ததைப் படித்துப் படித்து அதை ஓட வைத்தோம். எஞ்சின் என்னவோ கும்மென்று ஓடியது. ஆனால் மீட்டர் போர்டு ஊமையாகிவிட்டது. பழைய கம்ப்யூட்டர் சொல்லித்தான் அதற்கு எல்லாம் தெரிந்துகொண்டிருந்தது. புதியதற்கும் அதற்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அதன் பலனை அனுபவித்தது ஸ்டெல்லா. விக்கிரவாண்டி அருகே நடு வெயிலில் எஞ்சின் கொதித்துப் புகை விட்டது. சூடு காட்டும் முள் அசையவே இல்லை. ஒரு கல்யாணத்துக்குப் பட்டுப்புடவையில் போய்க்கொண்டிருந்தவள் வேர்த்து விறுவிறுத்து பஸ் பிடித்துத் திரும்பி வந்து, அன்றோடு அந்தக் காரில் ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டாள். ஒரு வருஷம் கழித்து அவளுக்கே கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஊர் விழுப்புரம், அங்கேதான் கோயிலில் திருமணம். நீயோ, "எம் பொண்ண நானே என் வண்டில வச்சு ஓட்டிக்கினு போவேன்" என்று டீக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருந்தாய்.

"அப்பா, இந்த வண்டில நான் மணப்பொண்ணா வந்து நடுரோட்ல நிக்க மாட்டேன்" என்றாள் அவள்.

"எஞ்சின் சூடு எவ்ளோன்னு நம்பரா காட்டற ஸ்க்ரீன் வெக்கறேன்மா. அப்ப வருவியா?"

"இங்க கிளம்பி விழுப்புரம் போற வரைக்கும் அந்த நம்பர் ஒரு தடவகூட மறையக்கூடாது. மறைஞ்சா வாடகக் கார்."

சரி என்றாய். உன் முகத்தில் அன்று இருந்த பயத்தை வேறு எந்த எஞ்சினுக்காகவும் நான் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டரின் கப்ளரில் வெளியே தகவல் அனுப்பவென்றே இரண்டு ஓட்டைகள் காலியாக இருந்தன. அவற்றில் புதிதாகப் பின் அடித்துச் செருகி, இரண்டு ஒயரையும் முறுக்கி, எஞ்சின் பக்கத் தடுப்புத் தகட்டின் வழியாகக் காருக்குள்ளே இழுத்து, புதுத் திரையில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. ஒயரின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ரெசிஸ்டர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காலி மண்டபத்தில் பேசுவதுபோல, அனுப்பிய செய்தியே எதிரொலித்துக் குழப்பும். கம்ப்யூட்டர் பக்கம் அது உள்ளேயே இருந்தது. திரைப் பக்கம் நான் போட வேண்டும்.

வேலையைச் சரிபார்க்க உனக்கென்று ஒரு முறை இருந்தது. உன் வீட்டில் சாயங்காலம் ஜெபமாலை சொல்லும்போது நீ முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்வார்கள். அதையே நீ ஒயரிங்குக்கும் கொண்டு வந்துவிட்டாய். கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு பானெட் பக்கம் நின்று ஒவ்வொன்றாக வாசிப்பாய். டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடக்கும் நான் பதில் சொல்வேன்.

"மஞ்சள் மேல் பின்னு?"

"ஆச்சு."

"பச்சை கீழ் பின்னு?"

"ஆச்சு."

"ஸ்க்ரீனுக்குக் கரண்ட்டு?"

"ஆச்சு."

"ரெசிஸ்டர்?"

"ஆச்சு."

அந்த ராகம்தான் என்னைக் கெடுத்தது. நாலாவது 'ஆச்சு' மனதிலிருந்து வரவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. ரெசிஸ்டர் என் சட்டைப் பையில் இருந்தது.

பட்டறையில் நிற்கும்போது திரை அழகாக எண் காட்டியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மூவரும் விழுப்புரத்துக்கு வெள்ளோட்டம் கிளம்பினோம். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் எண் போய் இரண்டு கோடுகள் வந்தன. கொஞ்ச நேரத்தில் எண் திரும்பியது, விக்கிரவாண்டியில் மறுபடி கோடு. பின்சீட்டிலிருந்து ஸ்டெல்லா போனை எடுத்து வாடகைக் காருக்கு விசாரிக்கத் தொடங்கினாள். நீ வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாய்.

அடுத்த மூன்று நாளும் பத்திரிகை வைக்கப் போக வேண்டியவன் பட்டறையிலேயே கிடந்தாய். "நான் பின்னு அடிச்சதுதான்டா சரியில்ல" என்று கப்ளரைப் பிரித்துப் பிரித்து அடித்தாய். விரலெல்லாம் கொப்பளம். புதன்கிழமை என் வீட்டில் துணி துவைக்கும்போது என் மனைவி சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். "என்னாங்க இது, மாத்திரையா?"

அந்த ரெசிஸ்டர்தான். வாங்கி மறுபடி பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் நீ கெடாருக்குப் பத்திரிகை வைக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் பட்டறைக்கு வந்தேன். ரெசிஸ்டரைப் பற்றவைத்து, அதன் மேல் குழாய் மாதிரியான பிளாஸ்டிக் ஸ்லீவ் மாட்டி, லைட்டரில் சூடு காட்டிச் சுருக்கி, வெளியே வருவதற்கும் நீ வந்து இறங்குவதற்கும் சரியாக இருந்தது. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பதுபோல, நீ கேட்பதற்கு முன்பே நான் ஆரம்பித்தேன். "எர்த் லூஸா இருந்திச்சுடா. டைட் பண்ணிட்டேன். இனிமே நிக்கும்."

நீ டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தாய். உள்ளே கையை விட்டுத் தடவினாய். வெளியே வந்து, "ஆமான்டா, எர்த்துதான்" என்றாய்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். உன் கொப்பளங்களைப் பார்த்தேன், சொல்ல வாய் வரவில்லை.

மறு ஓட்டத்தில் எண் ஒருமுறைகூட மறையவில்லை. ஸ்டெல்லா போனைப் பைக்குள் போட்டுவிட்டு, "சரிப்பா, இதுலயே போலாம்" என்றாள். கல்யாணத்தன்று முழுக்கை வெள்ளைச் சட்டையில் நீ ஓட்டினாய். நான் பக்கத்தில் இருந்தேன். பின்னாலிருந்து அவள் முக்காட்டை விலக்கி விலக்கி, "எண்பத்தாறு... எண்பத்தேழு... எண்பத்தாறு" என்று விழுப்புரம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். கோயில் வாசலில் அவளை இறக்கிவிட்டபோது நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏசி ஒத்துக்கல" என்றாய். அன்று ஏசியே போடவில்லை.

பிறகு விருந்தில் ஆரம்பித்தாய். மாப்பிள்ளை வீட்டார் முன் என் கையைத் தூக்கிப் பிடித்து, "இத்துனூண்டு எர்த் லூஸு. யாராலயும் முடியல. கண்டுபிடிச்ச கை இதுதாங்க!" என்றாய். எல்லாரும் கைதட்டினார்கள். நான் கையை இழுத்துக்கொண்டு பிரியாணியில் குனிந்தேன். அதோடு விட்டாயா? பட்டறைக்கு யார் வந்தாலும் அந்தக் கதைதான். எத்தனை பேர் என்னைத் தேடி வந்து, "எர்த் பாக்கறவரு நீங்கதானா?" என்று கேட்டிருக்கிறார்கள் தெரியுமா? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு ஐந்து வருஷம் குறுகுறுத்தது.

ஆஸ்பத்திரியிலும் நீ விடவில்லை. மூக்கில் குழாயோடு நர்ஸைக் கூப்பிட்டு, "சிஸ்டர், இந்த மெஷின் மக்கர் பண்ணா இவர கேளுங்க. எர்த் லூஸ்னா ஜல்தியா கண்டுபிடிச்சுடுவாரு" என்றாய். அன்று நிஜமாகவே சொல்லிவிட வாயைத் திறந்தேன். நீ என்னையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாய். எனக்கு அழுகைதான் வந்தது. அதற்குள் நீ தூங்கிவிட்டாய்.

இன்று பானெட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் ஸ்டெல்லாவிடம் கொட்டிவிட்டேன். அவள் முதலில் என்னை விழித்துப் பார்த்தாள். பிறகு மட்கார்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தாள்.

"அப்பாவுக்கு அன்னிக்கே தெரியும் சித்தப்பா! உள்ள கைய விட்டாராம், ஸ்லீவ் இன்னும் சூடா இருந்துச்சாம். 'எர்த்த டைட் பண்ணா ஸ்லீவ் ஏம்மா சூடாவுது'ன்னு வீட்ல வந்து ஒரே சிரிப்பு. 'அவனா வாயத் தொறக்கற வரைக்கும் ஊரெல்லாம் புகழப் போறேன், எவ்ளோ நாள் தாங்கறான்னு பாக்கலாம்'னாரு."

அட பாவி! ஐந்து வருஷம். அத்தனையும் புகழ்ச்சி என்று நினைத்துக் கூனிக் குறுகினேன். நீயோ ஒவ்வொரு முறையும் எனக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் நின்றிருக்கிறாய். உன் மேல் வந்த கோபம் இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும்.

அவள் கிளம்பிப் போன பின் ஒரு மினிவேன்காரர் வந்தார். நேற்று நான் வேலை பார்த்த வண்டி, ஹெட்லைட் எரியவில்லை. பார்த்தால் பின்னை நான்தான் மாற்றிக் குத்தியிருக்கிறேன். வாய் பழக்கத்தில் "எர்த்து..." என்று தொடங்கிவிட்டது. நிறுத்திக்கொண்டு, "என் தப்புதாங்க, மாத்திக் குத்திட்டேன்" என்றேன். மனுஷன் பிடித்துக்கொண்டார். இருட்டில் லோடோடு வந்த கஷ்டத்தையெல்லாம் சொல்லிச் சொல்லித் திட்டினார், தெருவே திரும்பிப் பார்த்தது. நான் ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசாமல், தலையைக் குனிந்து முழுசாக வாங்கிக்கொண்டேன். உன்னிடம் வாங்காமல் விட்ட திட்டு அது.