தரச்சான்று வாங்கிய வருஷம்

3 ஆகஸ்ட் 2005
ஆடிப்பெருக்கு. சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் வெளியாகும் நாள். எங்கள் தாளாளர் சீனிவாசகம் முதலாளிக்குப் பட்டாசுக் கம்பெனி உண்டு, அச்சகம் உண்டு. போகிற போக்கில் ஒரு உயர்நிலைப் பள்ளியும் உண்டு. மதியம் 2006 காலண்டர் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தது. பள்ளியின் படம். கீழே கொட்டை எழுத்தில்: "ஐ.எஸ்.ஓ. தரச்சான்று பெற்ற பள்ளி. நூறு சதவீதத் தேர்ச்சி. மெல்லக் கற்போருக்குத் தனிப் பயிற்சி."

தரச்சான்றுக்கு இன்னும் விண்ணப்பமே போடவில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சை அடுத்த மார்ச்சில். தனிப் பயிற்சி என்று ஒன்று நடப்பதே அந்த வகுப்பின் கணக்கு டீச்சரான எனக்கு இன்றுதான் தெரியும்.

"இன்னும் வாங்கலையே முதலாளி?" என்றேன்.

"வாங்கிருவோம்மா. காலண்டர் அடிச்சாச்சுல்ல."

12 ஆகஸ்ட்
முதலாளியின் மகன் ஹரிபிரசாத் எம்.பி.ஏ. முடித்து வந்து பள்ளிக்குத் தர மேலாளர் ஆகிவிட்டான். வகுப்புக்கு வகுப்பு தரக் கொள்கைப் பலகை. எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டும். வாட்ச்மேன் சின்னச்சாமி அதை முணுமுணுத்துக்கொண்டே கேட்டைப் பூட்ட மறந்துவிட்டார். இரண்டு ஆடுகள் உள்ளே வந்து சுகாதார அட்டவணையைத் தின்றுவிட்டுப் போயின.

19 ஆகஸ்ட்
ஒரு சாக்பீஸ் வாங்க மூன்று கையெழுத்து. இன்று வடிவியலை வாயாலேயே நடத்தினேன்.

26 செப்டம்பர்
காலாண்டுத் தேர்வு. என் பத்தாம் வகுப்பு மாரிசெல்வி கணக்கில் நூற்றுக்குப் பத்தொன்பது. ஹரி வந்தான். "மிஸ், கம்பெனியில நமுத்த வெடியை லோடு ஏத்துவமா? தனியா எடுத்துப் போட்டுருவோம்ல? அதே மெத்தட்தான்." தேறாது என்று தெரிகிற பிள்ளைக்கு டி.சி. கொடுத்து, வெளியில் பரீட்சை எழுதிக்கொள் என்று அனுப்பிவிட்டால் நூறு சதவீதம் வந்துவிடுமாம். அட அறிவே! முதல் ரேங்க் பிள்ளை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சப் பேரை அனுப்பிவிட்டால் சாக்பீஸும் மிச்சமாகுமே?

28 செப்டம்பர்
மாரிசெல்வியின் அம்மா மாடத்தி வந்தாள். வெம்பக்கோட்டைப் பக்கம் முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில்தான் வேலை. "பள்ளிக்கூடம் இல்லேன்னா இவளும் கம்பெனிக்குத்தான் வரணும் டீச்சர். இந்த மருந்து வேலை என்னோட போகட்டும்னுதான அம்புட்டுப் பாடுபட்டேன்? நீங்க சொன்னா கேப்பாக."

போய்ச் சொன்னேன். "தம்பி மெத்தட்ல நான் தலையிட முடியுமாம்மா?" என்கிறார் முதலாளி. டி.சி. அழகாக அச்சாகி வந்தது. வயிறு எரியுது. என்ன பள்ளிக்கூடம் இது?

24 அக்டோபர்
தீபாவளிச் சீசனின் கடைசி வாரம். மாரிசெல்வி வீட்டில் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிறாள். சாயங்காலம் அங்கே போய்க் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். தீபாவளி கழிந்ததும் கம்பெனிக்கே வரச் சொல்லிவிட்டார்கள் என்றாள். மாடத்திதான் தை வரைக்கும் தவணை கேட்டிருக்கிறாள்.

17 நவம்பர்
தரச்சான்றுக்காகப் பள்ளியைச் சோதிக்கச் சென்னையிலிருந்து ஆடிட்டர். எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று ஹரி முன்பே தாள் கொடுத்திருந்தான். என் வகுப்பில் கேட்டார்: "தேற மாட்டாங்கன்னு தெரிஞ்ச பிள்ளைங்களை என்ன பண்றீங்க?" தாளில் இருந்த பதில், தனிப் பயிற்சி. என் வாயில் வந்தது, "டி.சி. கொடுத்து அனுப்பிருதோம் சார்."

ஹரி முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! ஆடிட்டர் கோபப்படவேயில்லை. "டி.சி. கொடுப்போம்னு உங்க மேனுவல்ல எழுதியிருந்தா எனக்கு ஆட்சேபணையே இல்லை. தனிப் பயிற்சின்னு எழுதிட்டு வேற செய்றீங்க, அதுதான் குறை. ஒண்ணு எழுத்தை மாத்துங்க, இல்லை செய்கையை மாத்துங்க. அப்புறம் சான்று."

அடப்பாவி மனுஷா! ஒரு பிள்ளை வாழ்க்கை உமக்கு எழுத்துப்பிழையா?

18 நவம்பர்
ஹரி எழுத்தை மாற்றத்தான் உட்கார்ந்தான். முதலாளி கத்தியது ஸ்டாஃப் ரூம் வரை கேட்டது. "ஏலே, தனிப் பயிற்சின்னு காலண்டர்ல போட்டு மதுரை வரைக்கும் லோடு போயிருச்சுலே! அதை எங்கன போய் மாத்துவ? அந்தப் பிள்ளையக் கூப்புடு!"

காலண்டர் வாழ்க.

21 நவம்பர்
மாரிசெல்வி முதல் பெஞ்சில். தனிப் பயிற்சிக்கு ஆதாரம் வேண்டுமென்று ஒரு பீரியட் முழுக்கப் போட்டோ எடுத்தார்கள். கணக்கு நடத்தவில்லை.

9 டிசம்பர்
சான்று வந்தது, லட்டு. கூடவே மூல காரண ஆய்வு. "ஏன்" என்று ஐந்து முறை கேட்க வேண்டுமாம். ஏன் குறை வந்தது? ஆடிட்டருக்குத் தெரிந்ததால். ஏன் தெரிந்தது? சொன்னதால். ஏன் சொல்ல முடிந்தது? பொன்னுத்தங்கம் டீச்சர், அதாவது நான், வேலையில் இருப்பதால். மிச்ச இரண்டு ஏனை ஹரி கேட்கவே இல்லை.

5 ஜூன் 2006
மாரிசெல்வி கணக்கில் நாற்பத்தாறு. பள்ளிக்கு நூறு சதவீதம். எனக்கு, இந்த ஆண்டு உங்கள் பணி தேவைப்படவில்லை என்று ஒரு கடிதம்; காரணம், தொடர் மேம்பாடு. முந்தாநாள் முழுக்க அழுதேன். எழுதவே கூசுகிறது.

இன்று மாடத்திக்கு லீவு கிடைக்கவில்லை. பிளஸ் ஒன் சேர்க்க அரசுப் பெண்கள் பள்ளிக்கு நான்தான் கூட்டிப் போனேன். தலைமையாசிரியை கேட்டார், "நீங்க பிள்ளைக்கு என்ன வேணும்?"

டீச்சர் என்று சொல்ல வாய் வரவில்லை. எந்தப் பள்ளி என்று கேட்டால் என்ன சொல்ல?

"எங்க கணக்கு டீச்சர்" என்றாள் மாரிசெல்வி. "எனக்குக் கணக்குக் குரூப் வேணும்."

"நாப்பத்தாறு வாங்கிட்டா கணக்குக் குரூப்?"

"சாயங்காலம் டீச்சர் சொல்லித் தருவாக."

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கழுதை. நான் தலையாட்டிவிட்டு வந்தேன். பிளஸ் ஒன் கணக்குப் புத்தகம் ஒன்று வாங்க வேண்டும்.