இல்லாதவன் நகர்த்திய குதிரை

1934, ஐப்பசி 6. மைசூர்.

காலேஜில் இன்று வாதத்தில் ஜெயித்தேன். என் மனத்துக்கு வெளியே இன்னொரு மனம் இருப்பதை யாராலும் நிரூபிக்க முடியாது என்றேன். கணிதம் சொல்லித்தரும் வரதன் எவ்வளவோ மோதிப் பார்த்தார். கடைசியில் அங்கவஸ்திரத்தை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“நான் இருக்கேனான்னே உமக்குச் சந்தேகம். அப்புறம் சாயங்காலம் யாரோட சதுரங்கம் ஆடுவீர்? இல்லாதவன் எதுக்குங்காணும் வரணும்?”

வரவில்லை. மனைவி போன பிறகு இந்த வீட்டுப் படியேறும் ஒரே ஆள் அவர்தான். பழக்கத்தில் இரண்டு டம்ளர் காபி கலந்துவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன்.

பிறகு பலகையை எடுத்து வைத்து இரண்டு பக்கமும் நானே ஆடினேன். கறுப்பு என்ன செய்யப்போகிறது என்பது வெள்ளைக்கு முன்பே தெரிந்திருந்தது. பத்து நகர்த்தலில் அலுத்துவிட்டது. நேற்று வரதன் குதிரையை எங்கிருந்தோ கொண்டுவந்து என் ராஜாவை மடக்கினாரே, அது என் கனவிலும் தோன்றாத ஆட்டம். அவர் வெறும் என் கற்பனை என்றால், அந்தக் குதிரை வருவது எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?

காலையிலேயே இதை யோசித்திருந்தால் வாதத்தில் தோற்றிருப்பேன். நாளை அவர் வீட்டுக்கே போய்த் தோற்றுவிட்டு வர வேண்டும். கதவைத் திறப்பாரா மாட்டாரா, அதுவும் எனக்குத் தெரியவில்லை.