கழிக்க வேண்டிய வீடு

1981, ஆனி, வெள்ளிக்கிழமை.

மகன் என்னைக் கேட்காமலே நிலத் தரகரை வீட்டுக்குக் கூட்டி வந்தான். எங்கள் நான்கு சென்ட் நிலத்துக்கு அவர் சொன்ன விலை நான் நினைத்ததைவிட அதிகம். "அப்போ வீட்டுக்கு எவ்வளவு?" என்றேன்.

"வீட்டுக்கோ? வாங்குற கல்ஃப்காரன் இதை இடிச்சிட்டுப் புதுசு கட்டும், ஸ்வாமீ. இடிக்கிற கூலியை விலையிலேருந்து கழிக்கணும். வாசக்கதவு மட்டும் நல்ல தேக்கு. ஜூ டவுன் பழைய சாமான் கடைக்காரன் எடுத்துக்கும்."

முப்பது வருஷம் நான் காத்த வீடு, கழிக்க வேண்டிய கூலியாம்! மகனுக்குக் கோபமே வரவில்லை. "கதவுக்கு என்ன கிடைக்கும், சேட்டா?" என்றான்.

விற்க மாட்டேன் என்று சொல்லி இருவரையும் வெளியே அனுப்பிக் கதவைத் தாழிட்டேன்.

அது தேக்கு அல்ல, விலை குறைந்த பலா. நானே வாங்கிப் போட்டது. அதைத் தரகரிடம் நான் ஏன் சொல்லவில்லை?