அழகம்மை அக்காவின் ஆவணி லோடு

தினமும் என்னோடு சண்டைக்கு நின்ற செல்லையா அண்ணே,

உங்கள் நாற்காலியில் இன்னும் யாரும் உட்காரவில்லை. சண்டை போடாமல் எனக்கு மத்தியானச் சோறே இறங்கவில்லை.

சிமெண்டும் கம்பியும் விற்பது உங்கள் வேலை. எந்தக் கடைக்கு எவ்வளவு கடன் சரக்கு போகலாம் என்று பார்ப்பது கிரெடிட் மேனேஜரான என் வேலை. நீங்கள் கொடு என்பீர்கள், நான் முடியாது என்பேன். "ஒரு கையெழுத்துப் போட நகையைக் கழட்டிக் குடுக்கிற மாதிரி மூஞ்சிய வைக்கிறியே தாயி!" என்று கத்துவீர்கள். பணம் வராவிட்டால் முதலாளி கேட்பது உங்களையா, என்னையா?

கடைசிச் சண்டை பள்ளத்தூர் அழகம்மை அக்காவுக்காக. கணவர் படுக்கையில் விழுந்தபின் கடையைத் தனியாக நடத்துகிறவர். ஆடியில் பணம் கட்டவில்லை, நான் சரக்கை நிறுத்தினேன். "ஆடியில எவன் வீட்டு வேலைய ஆரம்பிப்பான்? ஆவணிக்குச் சரக்கு இல்லேன்னா கடையப் பூட்டணும். ஒருவாட்டி போய்த்தான் பாரேன்" என்றீர்கள். எல்லாக் கடைக்காரரும் சொல்லும் சாக்குதானே என்றேன். அடுத்த வாரம் நெஞ்சுவலி என்று போனீர்கள், திரும்பவே இல்லை. அன்றைக்கு நான் கொஞ்சம் வாயை மூடியிருக்கலாம் அண்ணே.

உங்கள் காரியம் முடிந்த மறுநாள் பள்ளத்தூர் பஸ் ஏறினேன். கடையில் பத்து மூட்டைகூட இல்லை. அக்கா மாதக் காலண்டரைக் காட்டினார். ஆவணி முகூர்த்தங்களில் நிலை வைக்கப்போகும் ஐந்து வீட்டுக்காரர்களின் பெயர் கட்டங்களில் இருந்தது. சும்மா நம்பிவிடுவேனா? ஐந்து பேரிடமும் பேசினேன். ஒருவர் வேறு கடைக்குப் போய்விட்டார், நான்கு பேர் அக்காவிடம்தான் வாங்குவதாகச் சொன்னார்கள். பாதி லோடு உடனே, பணம் வந்ததும் மீதி என்று என் பொறுப்பில் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று அக்கா நேரில் வந்து பழைய பாக்கியையும் சேர்த்துக் கட்டினார். மீதி லோடு இன்று காலை கிளம்பிவிட்டது!

"வேற கம்பெனிக்காரக கூப்பிட்டாக, போகலையே" என்றார் அக்கா. "ஏங்க்கா?" என்றேன். "செல்லையாண்ணன் சொல்லிட்டுப் போனாக. 'எந்தங்கச்சி கோவக்காரி, ஆனா ஆவணிக்குள்ள கட்டாயம் வருவா. நம்பி இரு'ன்னு."

ஆபீஸ் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். யாரை நம்பலாம் என்று ஊரையெல்லாம் விசாரிக்கிறவள் நான். என்னை நம்பலாம் என்று யாரிடமும் விசாரிக்காமல் எப்படி அண்ணே சொன்னீர்கள்?

இனி நேரில் போய்ப் பாராமல் எந்தக் கடைக்கும் சரக்கை நிறுத்தமாட்டேன். பாராமல் கொடுக்கவும் மாட்டேன், நீங்கள் அங்கிருந்து எவ்வளவு கத்தினாலும் சரி.

நீங்கள் நம்பியபடியே வந்து சேர்ந்த
கோபக்காரத் தங்கச்சி,
மீனாள்